எருக்கம்பூ அட்டை: தைரியம்னா எந்தத் தைரியம்?

முத்தியால்பேட்டையில் ஒரு தோழி வீடு. அவளிடம் ஒரு அட்டைக் கட்டு இருக்கிறது. கடையில் வாங்கியதில்லை, அவளே செய்தது. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பூவின் படம், கீழே ஒரே ஒரு சொல் அல்லது சின்னத் தொடர். அந்தச் சொற்கள் எல்லாம் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்து அன்னை அந்தந்தப் பூக்களுக்குக் கொடுத்த பெயர்கள். கெட்டித் தாளில் அச்செடுத்து, சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, ஓரத்தை வளைத்து வைத்திருக்கிறாள். எண்பது சொச்சம் அட்டைகள். முன்பு டாரட் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த 78 அட்டைகளை மூட்டை கட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு இதற்கு மாறிவிட்டாள். காலையில் காபி குடித்ததும் ஒரு அட்டை. அன்றைக்கு அதுதான் துணை.

நான் போயிருந்த அன்று அவள் எடுத்தது எருக்கம்பூ. கீழே "தைரியம்" என்று இருந்தது.

அவள் கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். விவாகரத்து முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சொந்தத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த வாரம் விழுப்புரத்தில் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. போவதா வேண்டாமா, போனால் "மாப்பிள்ளை எங்கே" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது? அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "பாத்தியா, தைரியமா போன்னு சொல்லுது."

அடுக்களையிலிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தார். "என்னது, எருக்கா? காலங்காத்தால எடுத்தது எருக்கா? அதெல்லாம் வீட்டுக்குள்ள ஆகாதுடி. எடுத்து அந்தப் பக்கம் வை."

ஒரே அட்டை, ரெண்டு வாசிப்பு. மகள் கீழே இருந்த சொல்லைப் படித்தாள், அம்மா மேலே இருந்த படத்தைப் படித்தார். யார் சொல்வது சரி என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அப்புறம் சில புத்தகங்களைப் புரட்டினேன். இந்தக் குறிப்பு அந்த ஒரே அட்டையைப் பற்றியது.

கட்டு வந்த வழி

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. அன்னை என்று புதுச்சேரியில் சொல்லப்படும் மிர்ரா அல்ஃபாஸா 1878இல் பாரிஸில் பிறந்தவர். 1914 மார்ச் 29இல் முதல்முறை புதுச்சேரி வந்தார். 1920 ஏப்ரலில் திரும்பி வந்தவர் அதற்குப்பின் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1926இல் ஆசிரமம் உருவானது. 1973இல் மறையும் வரைக்கும் அவர் செய்துவந்த வேலைகளில் ஒன்று பூக்களுக்குப் பெயர் வைப்பது. கிட்டத்தட்ட 900 பூக்கள். தாவரவியல் பெயர் இல்லை, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குணம். துளசிக்குப் பக்தி. பவழமல்லிக்கு ஆர்வம், அதாவது மேல்நோக்கிய ஏக்கம். வேப்பம்பூவுக்கு ஆன்மிகச் சூழல். மரமல்லிக்கு உருமாற்றம். ஒயிட் டவுன் மதில்களில் எல்லாம் தொங்குகிற காகிதப்பூவுக்குப் பாதுகாப்பு. ஆசிரமத்தில் சமாதிக்கு மேலே நிழல் விரித்து நிற்கும் பெருங்கொன்றைக்குச் சேவை. அந்த மரத்தை இன்றும் "சர்வீஸ் ட்ரீ" என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தப் பெயர்களை அவர் நேரடியாகப் புழங்கினார். பார்க்க வரும் சாதகருக்கு ஒரு பூவைக் கொடுப்பார். பூவோடு அதன் குணமும் போகும். பேச்சு தேவைப்படாது. உனக்கு இப்போது இது வேண்டும் என்று அந்தப் பூவே சொல்லிவிடும்.

இதற்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் உண்டு. பாரிஸ் பக்கம் பார்த்தால், 1819இல் சார்லோத் த லாத்தூர் என்ற புனைபெயரில் "பூக்களின் மொழி" என்று ஒரு பிரெஞ்சுப் புத்தகம் வந்தது. எந்தப் பூ எந்த உணர்ச்சியைக் குறிக்கும் என்று சொல்லும் அகராதி. அந்த நூற்றாண்டு முழுக்க அதைப் பார்த்துப் பல அகராதிகள் வந்தன. அன்னை பிறந்து வளர்ந்தது அந்தப் பாரிஸில். டாரட் கதையும் அங்கேயேதான். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்த டாரட்டை, 1781இல் பாரிஸில் கூர் த ஜெபெலின் என்பவர் "இது எகிப்தியரின் ரகசிய நூல்" என்று எழுதினார். ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு அர்த்தம் என்ற அகராதி பெருகியது. ஆக, பூவுக்கு ஒரு அகராதி, சீட்டுக்கு ஒரு அகராதி. ரெண்டும் ஒரே ஊரில், நாற்பது வருஷ இடைவெளிக்குள்.

தமிழ்ப் பக்கம் பார்த்தால் நமக்கு அகராதி ரொம்ப முன்னாடியே இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பூவின், மரத்தின் பெயரைத்தான் நிலத்துக்கும், அந்த நிலத்துக் காதல் நிலைக்கும் வைத்தோம். போரிலும் அப்படித்தான். வெட்சி சூடினால் ஆநிரை கவர்தல், கரந்தை சூடினால் மீட்டல், தும்பை சூடினால் நேருக்கு நேர் போர், வாகை சூடினால் வெற்றி.

என் தோழி செய்திருப்பது இந்த ரெண்டு அகராதிக்கும் நடுவில் ஒரு புது விஷயம். அன்னை கொடுத்தபோது கொடுக்க ஒரு ஆள் இருந்தார், எதிரே இருப்பவரைப் பார்த்துப் பூவைத் தேர்ந்தெடுத்தார். இப்போது அவர் இடத்தில் குலுக்கல் உட்கார்ந்திருக்கிறது. குலுக்கல் யாரையும் பார்ப்பதில்லை. அதனால் வாசிக்கிற வேலை முழுக்க எடுப்பவர் தலையில் விழுகிறது. கீழே இருக்கும் சொல்லை மட்டும் படித்தால் பாதி வேலைதான் ஆகும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

படத்தில் இல்லாதவை

முதலில் அட்டையையே ஒரு அட்டையாகப் பார்ப்போம். கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு பூ, மிகக் கிட்டத்தில் எடுத்த படம். வெளிர் ஊதா இதழ் ஐந்து, நடுவே கிரீடம் மாதிரி ஒரு அமைப்பு. இங்கிலீஷில் இதற்குக் கிரீடப்பூ என்றே ஒரு பெயர் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மெழுகில் செய்த மாதிரி.

ஆனால் எருக்கைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தில் என்னென்ன இல்லை என்று உடனே தெரியும். சாம்பல் பூத்த தடித்த இலை இல்லை. இலையைக் கிள்ளினால் வடிகிற பால் இல்லை. ரயில்வே லைன் ஓரம், சுடுகாட்டுப் பக்கம், இடிந்த வீட்டுத் திண்ணை, வீடு கட்டாமல் கிடக்கிற மனை என்று அது வளரும் இடம் எதுவும் இல்லை. நம் ஊரில் ஒருவரைச் சபிக்க வேண்டும் என்றால் "உன் வீட்ல எருக்கு முளைக்க" என்பார்கள். ஆள் நடமாட்டம் நின்று போன வீட்டில்தான் எருக்கு முளைக்கும். அம்மா "வீட்டுக்குள்ள ஆகாது" என்று சொன்னதன் பின்னால் இருப்பது இந்த அறிவு. வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

பால் விஷயம் இன்னும் கடுமையானது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. 1980களில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக் கொலைகள் பற்றி வந்த செய்திகளில் எருக்கம்பாலின் பெயரும் அடிபட்டது. ஒரு தமிழ்ப் பெண் இந்த அட்டையை எடுக்கும்போது இதுவும் கூடவே வருகிறது, அவள் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும்.

இதே செடியில் வேறு பக்கமும் உண்டு. தண்ணீர் இல்லாத மணலில், உச்சி வெயிலில், யாரும் விதைக்காமல் நிற்கும். மாடு வாய் வைக்காது. தண்டிலிருந்து எடுக்கும் நார் பலமானது, அதைத் திரித்து வில்லுக்கு நாண் செய்திருக்கிறார்கள். ரதசப்தமி அன்று எருக்கிலையைத் தலையில் வைத்துக் குளிப்பார்கள். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை இல்லாமல் பூஜை நடக்காது. செடியை மட்டும் வைத்துப் பார்த்தால் "தைரியம்" என்ற பெயர் பொருத்தம்தான். ஆபத்தைப் பார்த்து ஒதுங்காமல் நிற்கிற செடி. அன்னை சங்க இலக்கியம் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, பூவோடு நேராக ஒன்றி அதன் குணத்தை உணர்வதாகத்தான் அவர் வழி. அந்த வழியில் இது குறி தப்பவில்லை.

இருந்தாலும் கேள்வி அங்கே முடியவில்லை. தைரியத்தில் எத்தனையோ வகை உண்டு. இது எந்த வகை?

தும்பைத் தைரியமும் எருக்குத் தைரியமும்

தமிழ்ப் புலவர் ஒருவரிடம் "தைரியத்துக்கு ஒரு பூ சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் தும்பை என்றிருப்பார். ரெண்டு படையும் களம் குறித்து மோதும்போது சூடுகிற பூ. அது ஊர் பாராட்டும் தைரியம். செத்தாலும் நடுகல் உண்டு.

எருக்கைச் சூடியது வேறு ஆள். அவன் மடல் ஏறுகிறவன். காதலித்த பெண் கிடைக்கவில்லை, வேறு வழியெல்லாம் அடைத்துவிட்டது என்றால் சங்கக் கவிதைகளில் ஆண் சொல்லும் கடைசி மிரட்டல் இது. பனைமடலில் குதிரை செய்து, அதன் மேல் ஏறி, ஊர்த் தெருவில் எல்லோரும் பார்க்க வருவேன் என்பான். பனைமடலின் கருக்கு தொடையை அறுக்கும். கழுத்தில், தலையில் நல்ல பூ எதுவும் கிடையாது. கலித்தொகையில் அவன் எருக்கோடு பூளையும் ஆவிரையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறான். யாரும் சூடாத பூக்கள்.

குறுந்தொகையின் 17ஆம் பாட்டு, பேரெயின் முறுவலார் எழுதியது, இதை நான்கே வரியில் சொல்கிறது. காமம் முற்றிவிட்டால் மனிதர்கள் மடலைக் குதிரை என்று ஏறுவார்கள், எருக்கைப் பூ என்று சூடுவார்கள், தெருவில் ஊர் கூடிக் கூச்சலிடும்படி ஆவார்கள், அதற்கு மேலும் போவார்கள் என்பது அதன் சாரம். "அதற்கு மேலும்" என்றால் சாவு. இந்தப் பாட்டில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த "என்று" தான். மடல் குதிரை கிடையாது. எருக்கும் சூடுகிற பூ கிடையாது. அவனுக்கும் அது தெரியும், பார்க்கிற ஊருக்கும் தெரியும். இல்லாத குதிரையில், பூவாக எண்ணாத பூவைச் சூடி வருகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும் என்றுதான் வருகிறான்.

திருக்குறளில் இதற்கென்று ஒரு அதிகாரமே இருக்கிறது, 114ஆவது. தலைப்பு "நாணுத் துறவு உரைத்தல்". துறவு என்ற சொல்லைக் கவனியுங்கள். சாமியார் உலகத்தை விடுவதற்குச் சொல்கிற அதே சொல். இங்கே விடுவது வெட்கத்தை. அந்த அதிகாரத்தில் ஒரு குறளில் (1133) அவன் சொல்கிறான்: முன்னே என்னிடம் நாணமும் நல்ல ஆண்மையும் இருந்தன, இப்போது இருப்பது மடல் மட்டும்தான். அதாவது எருக்கைச் சூடுகிறவன் தன்னிடம் வீரம் மிச்சமில்லை என்று ஒப்புக்கொள்கிறான்! அட்டைக்குக் கீழே "தைரியம்" என்று எழுதியிருக்கும் பூவைப் பற்றி மரபு சொல்வது இது.

முதலில் இது முரண்பாடு மாதிரித்தான் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. வீரம் என்று ஊர் ஒத்துக்கொண்டது எல்லாம் போன பிறகும் ஒருவன் தெருவுக்கு வருகிறான் இல்லையா? அதற்கு ஒரு பெயர் வேண்டும். தும்பை சூடியவனுக்குப் பின்னால் படை இருக்கிறது, முன்னால் பெயர் இருக்கிறது. எருக்குச் சூடியவனுக்கு ரெண்டும் இல்லை. சிரிப்புக்கு நடுவில் நடக்கத் தெரிவதுதான் எருக்குத் தைரியம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மடல் ஏறுவது இன்றைய கண்ணுக்கு அசல் மிரட்டல். ஊர் நடுவே பெண்ணின் பெயரை இழுத்து, அவள் வீட்டார் வேறு வழியில்லாமல் சம்மதிக்கும்படி செய்வது. அவன் வெட்கத்தை விடுவதற்கு அவளும் சேர்ந்து விலை கொடுக்கிறாள். தொல்காப்பியமே உண்மையில் ஏறிவிட்ட மடலைப் பெருந்திணையில், பொருந்தாக் காமத்தில்தான் தள்ளுகிறது. ஏறுவேன் என்று சொல்வதோடு நின்றால் மட்டும் அது அன்பின் ஐந்திணைக்குள் இருக்கலாம். பழைய ஆட்களுக்கே இதில் நெருடல் இருந்திருக்கிறது.

ஏறக் கூடாதவள்

சரி, என் தோழி ஒரு பெண். அந்த அகராதிப்படி அவளுக்கு இந்தப் பூ கிடையாது. பெண்கள் மடல் ஏறுவதில்லை என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. கடல் மாதிரிக் காமம் இருந்தாலும் மடல் ஏறாத பெண்ணைப் போல உயர்ந்தது வேறில்லை என்று குறள் (1137) அதைப் பாராட்டாக மாற்றுகிறது. வெட்கத்தைத் துறக்கும் உரிமை ஆணுக்கு. வெட்கத்தைக் காக்கும் பொறுப்பு பெண்ணுக்கு. அவன் துறந்தால் அதற்கு ஓர் அதிகாரம், அவள் துறந்தால் அவமானம்.

இந்த விதியை உடைத்த ஒரு குரல் தமிழில் உண்டு. திருமங்கையாழ்வார் சிறிய திருமடல், பெரிய திருமடல் என்று ரெண்டு நூல் எழுதினார். ரெண்டிலும் பேசுவது ஒரு பெண், காதலன் திருமால். பெரிய திருமடலில் அவள், பெண்கள் மடல் ஏறக் கூடாது என்று தென்னாட்டு மரபு சொல்வது எனக்கும் தெரியும், அதை நான் ஏற்கவில்லை, எனக்கு வடநாட்டு வழியே வேண்டும் என்று வாதாடுகிறாள். எழுதியது ஆண்தான், காதலன் கடவுள்தான், அதனால் ஊர் அனுமதித்தது என்று சொல்லலாம். இருந்தும் ஒரு பெண் வாயில் "எனக்கு இந்த விதி வேண்டாம்" என்ற வாக்கியம் வந்துவிட்டது.

இங்கே டாரட்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டாரட்டில் தைரியத்துக்கு நெருங்கிய அட்டை "பலம்". பழைய பிரெஞ்சு மார்செய் கட்டில் "லா ஃபோர்ஸ்", 11ஆம் எண். 1909இல் லண்டனில் வெளியான ரைடர்-வெய்ட் கட்டில் ஆர்தர் வெய்ட் இதை 8ஆக மாற்றினார், படம் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். படத்தில் ஒரு பெண், சிங்கத்தின் வாயில் கை வைத்திருக்கிறாள். திறக்கிறாளா மூடுகிறாளா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். முகத்தில் பதற்றமில்லை, துணியில் கசங்கல் இல்லை. மென்மையால் மூர்க்கத்தை அடக்குவது என்று கையேடுகள் அர்த்தம் சொல்லும். என் தோழி எருக்கம்பூவைப் பார்த்ததும் மனதில் நினைத்தது இந்தப் பெண்ணைத்தான் என்று நினைக்கிறேன். தலை நிமிர்ந்து போவேன், அமைதியாகச் சொல்வேன், எல்லோரும் வாயடைத்துப் போவார்கள்.

எருக்குக்கு டாரட்டில் சொந்தம் தேடினால் அந்தப் பெண்ணை விட இன்னொருவர் பொருந்துவார். மார்செய் கட்டின் "லெ மா", பைத்தியக்காரன் அல்லது முட்டாள். எண் இல்லாத அட்டை. தோளில் ஒரு மூட்டை, கையில் கோல், பின்னாலிருந்து ஒரு மிருகம் அவன் கால்சட்டையைக் கிழிக்கிறது. அவன் பாட்டுக்கு நடக்கிறான். விளையாட்டிலும் அவனுக்கு விசேஷ இடம். மற்ற சீட்டுகளை அவன் வெல்வதும் இல்லை, அவனை அவை பிடிப்பதும் இல்லை.

இதை யோசித்தபோதுதான் புறநானூற்றின் 106ஆம் பாட்டு ஞாபகம் வந்தது. கபிலர் பாரியைப் பற்றிப் பாடியது. எருக்கு நல்ல பூவிலும் சேராது, கெட்ட பூவிலும் சேராது. ஆனாலும் ஒருவர் தன்னிடம் இருக்கிறது என்று கொண்டுவந்தால் தெய்வம் வேண்டாம் என்று சொல்லாது. அதே மாதிரி அறிவில்லாதவர்கள், எளியவர்கள் போனாலும் பாரி கொடுப்பான் என்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் எருக்கையும் முட்டாளையும் ஒரே வரிசையில் நிற்க வைத்திருக்கிறார். எந்தக் கணக்கிலும் வராத பூவும், எந்தக் கணக்கிலும் வராத ஆளும். திருப்பி அனுப்பாத ஒரு வாசல் இருவருக்கும் உண்டு என்பதுதான் பாட்டின் சேதி.

இப்போது அட்டையை வாசித்தால்

ஒரு வாரம் கழித்து அவளிடம் போனில் சொன்னேன். இந்த அட்டை "போ" என்று சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சிங்கத்தை அடக்கும் பெண்ணாகப் போகலாம் என்று சொல்லவில்லை. யாரும் வாயடைத்துப் போக மாட்டார்கள். சிரிப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், "அட்ஜஸ்ட் பண்ணிருக்கலாமே" என்பார்கள். கருக்கு அறுக்கும். அதற்கு நடுவில் சாப்பிட்டுவிட்டு வர முடியுமா என்பதுதான் இந்தப் பூ கேட்கும் கேள்வி. முடியாது என்றால் இப்போதைக்குப் போகாமல் இருப்பதிலும் தப்பில்லை. ஏறுவேன் என்று சொல்லிவிட்டு ஏறாமல் இருந்தவர்கள்தான் நம் கவிதைகளில் அதிகம்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ சொல்றது கீழ எழுதியிருக்கிறதை விடப் பயமா இருக்கு" என்றாள். பிறகு, "ஆனா இதுதான் எனக்குப் புரியுது" என்றாள். மடல் ஏறுகிறவன் இன்னொருத்தியின் பெயரையும் தெருவுக்கு இழுக்கிறான், நான் என் பெயரை மட்டும்தானே கொண்டு போகிறேன் என்றும் சொன்னாள். அது எனக்குத் தோன்றாத வாசிப்பு. நான் படித்த எதையும் விட அது நல்ல வாசிப்பு என்றே நினைக்கிறேன்.

இந்த வகை அட்டைக் கட்டுகள் மேல் எனக்குள்ள விமர்சனம் இதுதான். அன்னை வைத்த பெயர்களில் குறை சொல்ல வரவில்லை. பல பெயர்கள் பூவை முதல்முறை பார்க்கிற மாதிரிப் பார்க்க வைக்கின்றன. துலுக்கச் சாமந்திக்கு அவர் வைத்தது "நெகிழ்வு". எந்தச் சரத்திலும் எந்த வளைவிலும் பொருந்திப்போகிற அந்தப் பூவைப் பூக்கட்டுகிறவர்களிடம் காட்டினால் உடனே ஒத்துக்கொள்வார்கள். சிக்கல், பூவை மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் ஊரிலிருந்தும் வெட்டி, கறுப்புப் பின்னணியில் ஒட்டி, கீழே ஒரு நல்ல சொல்லை மட்டும் போடும்போது வருகிறது. எல்லா அட்டையும் நல்லதாகவே இருக்கும் ஒரு கட்டு ஆறுதல் தரும், ஆனால் துணைக்கு வராது. டாரட்டில் குறைந்தபட்சம் சாவும், இடி விழுந்த கோபுரமும் இருக்கின்றன. இந்தக் கட்டில் அந்த இருட்டு வேண்டுமென்றால் பூவிடமே கேட்க வேண்டும். எருக்கு அதைத் தன் பாலில் வைத்திருக்கிறது. அன்றைக்கு அந்தப் பாதியைச் சேர்த்து வாசித்தவர், கையில் அட்டையே எடுக்காத அந்த அம்மாதான்.

தோழி விழுப்புரம் போனாள். முன்வரிசையில் உட்காரவில்லை. சித்தி ஒருத்தர் கேட்டதும் சொல்லிவிட்டாள். சித்தி மூலமாகப் பந்தி முடிவதற்குள் மண்டபம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒரு பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். ரெண்டாவது பந்தியில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தாள். அழுதாயா என்று கேட்டேன். "விழுப்புரம் தாண்டினதும்" என்றாள்.

விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குபேர் அங்காடியிலிருந்து அம்மா அப்போதுதான் வந்திருந்தார். பையிலிருந்து கொழுக்கட்டைக்குத் தேங்காய், அருகம்புல், களிமண் பிள்ளையார், கடைசியில் வாழையிலையில் சுற்றிய ஒரு எருக்கம்பூ மாலை. "எருக்கு வீட்டுக்குள்ள ஆகாதுன்னீங்களேம்மா" என்று கேட்டேன்.

"நமக்கு ஆகாது. சாமி வேணாம்னு சொல்லாதே" என்றார்.

கபிலரை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. மாலையைத் தண்ணீர் தெளித்துப் பிள்ளையார் பக்கத்தில் வைத்தார். அலமாரியில் அந்த அட்டைக் கட்டு இருந்தது. எருக்கு அட்டை மேலாகவே இருந்தது, யாரும் எடுத்து அந்தப் பக்கம் வைக்கவில்லை.